பாட்டு நின்றது, நாம் நிற்கவில்லை: சால்சா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் சால்சா, பச்சாட்டா என்னும் லத்தீன் அமெரிக்க ஜோடி நடனங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், வார இறுதிகளில் சோஷியல் என்னும் ஆட்டக் கூடல்களை நடத்துவோருக்கும், அங்கே பாட்டுப் போடும் டீஜேக்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் மாணவி. கடந்த ஒன்பது ஆண்டுகளில் உங்களில் சிலரிடம் மாதக் கட்டணம் கட்டிப் படித்திருக்கிறேன். மற்றவர்கள் நடத்தும் சோஷியல்களுக்குப் பெரும்பாலும் தவறாமல் வந்திருக்கிறேன். ஜோடியில் மற்றவரின் வழிநடத்தலுக்கு ஏற்ப ஆடும் ஃபாலோவாகவே அதிகம் ஆடுபவள். இரண்டு ஆண்டுகளாக, வழிநடத்தும் லீடும் பழகி வருகிறேன். முப்பது வயதைத் தாண்டும்வரை கேட்டே இராத ஓர் இசையை என் வாழ்க்கைக்குள் கொண்டுவந்தவர்கள் நீங்கள் என்பதை மறக்கவில்லை. அந்த நன்றி தரும் உரிமையில்தான் ஒரு குறையையும் சொல்லத் துணிகிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. ஓர் உணவகத்தின் மாடியில் மேசைகளை ஓரமாக ஒதுக்கி அமைத்த ஆடுதளத்தில் இருபது ஜோடிகள் இருந்திருப்போம். எழுபதுகளின் நியூயார்க் சால்சாப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் மொத்த இசைக்குழுவும் ஒரே வெட்டாக நின்று, ஒரு மூச்சு நேரம் மௌனம் காத்து, பிறகு டிராம்போன்கள் சேர்ந்து நுழையும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்தபோது எனக்கு மௌனம் கேட்கவில்லை. தரையில் காலணிகள் தேயும் சத்தம்தான் கேட்டது. எல்லோரும் சுழன்றுகொண்டே இருந்தார்கள். எனக்கு இரண்டடி தள்ளி ஒருவர் தம் பார்ட்னரைத் தரையை நோக்கிச் சாய்த்து, இசையே இல்லாத நொடியில் ஒரு டிப்பை இறக்கிக்கொண்டிருந்தார். நின்றது நாங்கள் இருவர் மட்டும். என்னோடு ஆடிய பையன் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவன். முகம் சுண்டிப்போய், "சாரிக்கா, கவுன்ட் விட்டுட்டேன்" என்றான். "நீ விடலைப்பா, நீ மட்டும்தான் பிடிச்சே" என்றேன். கேலி செய்கிறேன் என்றே அவன் நினைத்துக்கொண்டான்.

அவன் கால் அங்கே நின்றது தற்செயல்தான். ஆனால் அந்த நிற்றலைப் பிழை என்று அவன் நம்பியது தற்செயல் இல்லை. அதை நாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

நம் வகுப்புகளில் ஒரு மணி நேரம் எப்படிச் செலவாகிறது என்பதை நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் உடற்பயிற்சி. கண்ணாடியைப் பார்த்தபடி கொஞ்சம் பேசிக் ஸ்டெப். பிறகு நாற்பது நிமிடம் ஒரு டர்ன் பேட்டர்ன், அதாவது சுழற்சிகளைக் கோத்த ஓர் அசைவு வரிசை. அத்தனை நேரமும் "ஃபைவ், சிக்ஸ், செவன்" என்னும் உங்கள் குரல்தான் எங்களுக்குத் தாளம். பாட்டு கடைசி ஐந்து நிமிடத்துக்கு வரும், அதுவும் கற்ற பேட்டர்ன் அந்த வேகத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதற்காக. அடுத்த வாரம் வேறொரு பேட்டர்ன். முதல் ஆண்டு முடிந்தபோது என்னிடம் முப்பது நாற்பது பேட்டர்ன்கள் சேர்ந்திருந்தன. கிளாவே என்ற சொல்லை அதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

கிளாவே என்பது இரண்டு மரக்கட்டைகளின் பெயர். அவற்றில் தட்டும் ஐந்து தட்டுகளுக்கும் அதுவே பெயர். நாம் ஆடும்போது ஒன்று முதல் எட்டுவரை எண்ணும் எண்ணிக்கையில் இரண்டு, மூன்று, ஐந்து, ஆறரை, எட்டு ஆகிய இடங்களில் தட்டினால் அது இரண்டு-மூன்று கிளாவே. இரு பாதிகளையும் இடம் மாற்றினால் மூன்று-இரண்டு. கியூபாவின் கிழக்கிலிருந்து ஹவானாவுக்கு வந்த சோன் இசையில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் இந்த ஐந்து தட்டுகளைப் பார்த்தே தம் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. கண்பார்வை இழந்த இசைக்கலைஞர் அர்செனியோ ரோட்ரிகஸ் 1940-களில் காங்கா என்னும் உயரமான கைமுரசையும் பியானோவையும் பல டிரம்பெட்டுகளையும் சோன் குழுவுக்குள் சேர்த்து அமைத்த வடிவம்தான், பின்னாளில் நியூயார்க்கில் சால்சா என்று விற்கப்பட்ட இசைக்கு அடித்தளம். பல பதிவுகளில் அந்தக் கட்டைகளை யாரும் தட்டுவதுகூட இல்லை. தட்டாவிட்டாலும் வாசிப்பவர்கள் எல்லோருக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இதை நம் ஊரில் விளக்குவது அப்படி ஒன்றும் கடினமான காரியமில்லை. சமத்தில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளுக்குத் தொடையில் தாளம் போட்டுப் பழகிய ஊர் இது. டிசம்பர் கச்சேரிகளில் என் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, எடுப்பைத் தவறவிட்டுத் தாளம் தட்டினால் முன்வரிசை மாமா ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் எண்ணப் பழகினேன். சால்சாவிலும் பேஸ் என்னும் அடித்தொனி வாத்தியத்தை வாசிப்பவர் பெரும்பாலும் "ஒன்று" என்ற இடத்தில் தட்டுவதில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒன்று, நான்கில் ஒன்று என்று வாசித்து, அடுத்த ஆவர்த்தனத்தின் சுரத்தை முன்கூட்டியே பிடித்துவிடுகிறார். நீங்கள் "ஒன்" என்று உரக்கச் சொல்லும் நொடியில் பேஸ் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்து காத்திருக்கிறது.

நம் எண்ணிக்கையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு என்றுதான் எண்ணுகிறோம். நான்கையும் எட்டையும் வாய் திறந்து சொல்வதே இல்லை, அங்கே கால் வைப்பதில்லை என்பதால். காங்கா வாசிப்பவரோ இரண்டில் ஓர் அறை கொடுத்துவிட்டு, கை தோலில் தங்காமல் எழும் அந்த இரண்டு உருண்ட ஒலிகளை நான்கில்தான் வைக்கிறார்; எட்டிலும் அப்படியே. பேஸும் அங்கே விழுகிறது. சற்றுமுன் சொன்ன கிளாவேயின் கடைசித் தட்டும் எட்டில்தான். நாம் வெற்றிடம் என்று தாண்டிப்போகும் இடத்தில்தான் இந்த இசை மிக அடர்த்தியாக இருக்கிறது. இந்த ஒன்றை அறிந்த பிறகு என் பேசிக் ஸ்டெப்பே மாறிப்போனது. நான்கில் இடுப்பு அமர ஒரு நொடி கொடுத்தேன், புதிதாக ஒரு பேட்டர்னும் கற்காமலே, "எங்கே வர்க்‌ஷாப் போனீங்க?" என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

ஒன்று என்னும் எண்ணில் திசை முறித்து ஆடுவதா, இரண்டில் முறித்து ஆடுவதா என்ற சண்டைக்குள் நான் நுழையப் போவதில்லை. இரண்டில் முறிக்கும் ஆட்டத்தை எண்ணிக்கையாக வகுத்து உலகெங்கும் பரவச் செய்த நியூயார்க் நடன ஆசிரியர் எடி டோரஸின் வழியில் ஆடினால் காங்காவின் அறை காலோடு சேரும் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு ஒன்றில் ஆடுபவரைக் கேவலமாகப் பார்ப்பவர்களுக்கும் காது இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

பாட்டுக்கு ஓர் அமைப்பு உண்டு என்பதையும் நாம் சொல்லித்தருவதில்லை. முதல் பாதியில் பாடகர் கதை சொல்கிறார். டிம்பாலே வாசிப்பவர் உலோக உருளையின் பக்கவாட்டில் மென்மையாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். பாங்கோ கலைஞர் இரண்டு சிறு முரசுகளில் விரலால் அளந்துகொண்டிருக்கிறார். பிறகு மொன்டூனோ வருகிறது. குழுவினர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, பாடகர் இடையிடையே மனோதர்மமாகப் பதில் சொல்கிறார். அந்தத் திருப்பத்தில் பாங்கோ கலைஞர் முரசை விட்டுவிட்டுக் கையில் ஒரு பெரிய மணியை எடுக்கிறார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று அந்த மணி அழுத்தமாக விழத் தொடங்கும்போது அறையே ஒருபடி உயர்வதை, சொல்லிக்கொடுத்தால் எந்த மாணவரும் முதல் நாளிலேயே கேட்டுவிடுவார். நம் தளத்தில் நடப்பது வேறு. பாட்டின் முதல் இருபது நொடியில் மூன்று இரட்டைச் சுழற்சிகளையும் ஒரு டிப்பையும் செலவழித்துவிடுகிறோம். மணி விழும்போது கையிருப்பில் ஒன்றும் மீதமில்லாததால், செய்ததையே திரும்பச் செய்கிறோம்.

வித்தை காட்டுவதே தவறு என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பிராட்வேயும் 53-ஆம் தெருவும் சேரும் இடத்தில் 1966 வரை இயங்கிய நியூயார்க்கின் பல்லேடியம் நடன அரங்கில் மச்சிட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரோட்ரிகஸ் ஆகியோரின் இசைக்குழுக்கள் வாசித்தபோது, அங்கே ஆடியவர்கள் அடக்கவொடுக்கமாக ஒன்றும் ஆடவில்லை. 'கியூபன் பீட்' என்று பெயர் வாங்கிய பெட்ரோ அகிலார் போன்றவர்கள் பார்வையாளரை வாய்பிளக்க வைத்தவர்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் இருந்தது உயிருள்ள ஓர் இசைக்குழு. அடுத்த நொடி டிரம்பெட் எங்கே வெட்டும் என்று ஆடுபவர் காத்திருந்தார். கொலம்பியாவின் காலி நகரத்தில் கண்ணால் பின்தொடரவே முடியாத வேகத்தில் கால்கள் ஓடுகின்றன. அந்த வேகமும் இசையிலிருந்து வந்ததுதான். அறுபதுகளில் அங்கே நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டுகளை 45 சுற்று வேகத்தில் ஓடவிட்டு ஆடினார்கள். பாட்டு வேகமானது, கால்கள் அதைத் துரத்தின. அதே நகரத்தில், ஆடாமல் உட்கார்ந்து பழைய இசைத்தட்டுகளைக் கேட்பதற்கென்றே அரங்குகள் உண்டு. கையில் ஒரு மணியை வைத்துக்கொண்டு பதிவோடு சேர்ந்து தட்டும் ரசிகர்கள் அங்கே வந்து அமர்கிறார்கள். கால் வேகமும் காது நுட்பமும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்திருக்கின்றன.

நமக்கு வந்து சேர்ந்தது இதில் ஒரு பாதிதான். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து பெருகிய சால்சா காங்கிரஸ் என்னும் நடன விழாக்களில் இரவு மேடை நிகழ்ச்சி, மறுநாள் பகலில் அதே கலைஞரின் வர்க்‌ஷாப் என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது. மேடையில் பார்த்ததை மறுநாள் கற்றுக்கொள்ள எல்லோரும் விரும்புவது இயல்பு. ஆனால் மேடை அசைவு என்பது ஒரே பாட்டுக்காக, ஒரே பார்ட்னரோடு, பல மாதம் பழகி அமைத்தது. அதைக் கழற்றி எடுத்துவந்து, பெயர்கூடத் தெரியாத ஒருவரோடு, இதுவரை கேட்டிராத பாட்டில் பொருத்தும்போது, பாட்டு வெறும் பின்னணிச் சத்தமாகிவிடுகிறது. ரீல்ஸ் வந்த பிறகு, மேடையிலாவது பாட்டுக்கு இருந்த மரியாதையும் போய்விட்டது. ஒரு பாட்டுக்கு ஆடியதை எடுத்து வேறொரு பாட்டை மேலே ஒட்டி வெளியிடுகிறார்கள். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. அதுவே போதுமான வாக்குமூலம்.

மேடையும் தளமும் வேறு என்பதை டாங்கோக்காரர்கள் நமக்கு முன்பே தெளிவாக வகுத்துக்கொண்டார்கள். புவெனஸ் ஐரிஸில் நடக்கும் உலக டாங்கோப் போட்டியில் தளத்துக்கு ஒரு பிரிவு, மேடைக்கு ஒரு பிரிவு. தளப் பிரிவின் விதிகள், இசை ஓடும்வரை அணைப்பைப் பிரிக்கக் கூடாது, குதிக்கக் கூடாது என்று நீண்ட காலமாகவே சொல்லிவந்திருக்கின்றன. சுற்றிவரும் மற்ற ஜோடிகளின் ஓட்டத்தோடு ஒத்துப்போகவும் வேண்டும். கியூபாவின் டான்சோன் ஆட்டத்தில் இன்னும் அழகான ஒரு வழக்கம் உண்டு. 1879-இல் மட்டான்சஸ் நகரில் மிகேல் ஃபைல்தே மேடையேற்றிய காலம் தொட்டு அந்த இசையில் முன்னுரைப் பகுதி திரும்பத் திரும்ப வரும். அது வரும்போதெல்லாம் ஜோடிகள் ஆடுவதை நிறுத்திவிட்டு நின்று, விசிறிக்கொண்டு, பேசிக்கொண்டு, அடுத்த பகுதிக்குக் காத்திருப்பார்கள். ஆட்டத்தின் பாதி அழகு நிற்பதில் இருக்கிறது. புவெர்ட்டோ ரிக்கோவின் பொம்பா என்னும் முரசு நடனத்திலோ ஆடுபவர் பாவாடை நுனியை ஒரு சுண்டு சுண்டினால் முரசுக்காரர் அதைப் பார்த்து அங்கே ஓர் அடி கொடுக்க வேண்டும். கேட்பது அங்கே வாசிப்பவரின் பொறுப்பும்கூட.

என் சொந்தப் பாவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு மேடைக் குழுவில் இருந்தேன். ஒரே பாட்டுக்கு நான்கு மாதம் ஒத்திகை பார்த்தோம். நன்றாகவே ஆடினோம் என்று சொன்னார்கள். இன்றும் எந்தச் சோஷியலிலாவது அந்தப் பாட்டு ஒலித்தால், இரண்டாம் அடியில் என் வலது கை தானாக மேலே போகிறது. பார்ட்னர் என்ன கேட்டாலும் உடல் அந்தப் பழைய வரிசைக்கே ஓடுகிறது. மிக அருமையான பாட்டு அது. அதைக் கேட்கும் வாய்ப்பை நான் இழந்துவிட்டேன்.

வித்தையின் பின்னால் பெரும்பாலும் இருப்பது கர்வம் என்று நான் முன்பு நினைத்தேன். லீட் பழகத் தொடங்கிய பிறகுதான் அது பயம் என்று புரிந்தது. வெறும் பேசிக் ஆடினால் எதிரில் இருப்பவருக்குச் சலித்துவிடுமே, அடுத்த முறை வர மறுத்துவிடுவாரே என்ற பயத்தில் ஒவ்வொரு எட்டையும் எதையாவது கொண்டு நிரப்பினேன். ஃபாலோவாக இத்தனை ஆண்டு ஆடியவள் என்ற முறையில் உங்கள் ஆண் மாணவர்களுக்கு நீங்கள் இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: எங்களுக்குச் சலிப்பதில்லை. எல்லா எட்டையும் சுழற்சியால் அடைத்துவிட்டால், பியானோவில் நான் கேட்டதற்கு என் காலால் பதில் சொல்ல ஓர் எண்ணிக்கைகூட எனக்கு மிஞ்சுவதில்லை என்பதுதான் எங்கள் குறை. உடம்பு வலி தனிக்கணக்கு. முன்பின் ஆடியிராத ஒருவர், நெரிசலான தளத்தில், கேட்காமல் சாய்த்த டிப்பில் என் இடது தோள் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஸ்கூட்டர் ஓட்ட முடியாமல் இருந்தேன். பச்சாட்டாவில் தலையைச் சுழற்றும் அசைவுகளை இரண்டாம் வாரத்திலேயே கற்றுத்தருகிறார்கள். கழுத்து யாருடையது என்று யோசிக்க வேண்டாமா?

இனி நான் கேட்பது. ஆசிரியர்களே, பேட்டர்ன்தான் வகுப்பை விற்கிறது, கேட்பதைக் காணொளியில் காட்ட முடியாது என்ற உங்கள் சங்கடம் எனக்குத் தெரியும். வாடகை கட்ட வேண்டியவர்கள் நீங்கள். ஆகவே வகுப்பையே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. வாரத்தில் ஒரு வகுப்பின் முதல் பதினைந்து நிமிடம் எங்களைத் தரையில் உட்கார வையுங்கள். ஒரே பாட்டை மூன்று முறை போடுங்கள்: ஒருமுறை காங்காவை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள், ஒருமுறை பேஸை, ஒருமுறை மணி எப்போது வருகிறது என்பதை. பிறகு அதே பாட்டுக்குப் பேசிக் ஸ்டெப்பை மட்டும் வைத்து, மொன்டூனோ வந்தால் மட்டும் ஏதாவது மாற்றலாம் என்ற நிபந்தனையோடு ஆடவிடுங்கள். நீங்கள் எண்ணாமல் இருங்கள். முதல் வாரம் தளம் தடுமாறும், தடுமாறட்டும்.

சோஷியல் நடத்துவோர், கூட்டம் சேர்ந்த பிறகு டிப்பும், பார்ட்னரைத் தூக்கும் லிஃப்டும் வேண்டாம் என்று ஒருமுறை மைக்கில் சொன்னால் போதும். தளத்தின் நடுவே வட்டம் கட்டிப் படம் எடுப்பதை ஓரத்துக்கு நகர்த்தினாலும் நல்லது. ஒலிபெருக்கிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். டிஸ்கோவுக்காக அமைத்த ஸ்பீக்கரில் அடித்தொனி மட்டும் அதிர்கிறது. கிளாவேக் கட்டையும், குச்சியால் உரசி வாசிக்கும் குயிரோவும் காதுக்கு எட்டுவதே இல்லை. கேட்காததற்குப் பாதிக் காரணம் கேட்க முடியாததும்தான்.

டீஜேக்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ஐந்து ஆறு நிமிடப் பாட்டை மூன்றாம் நிமிடத்தில் வெட்டாதீர்கள். புதியவர்கள் களைத்துப்போவார்கள் என்ற அக்கறையில் செய்கிறீர்கள் என்பது தெரியும். ஆனால் பழைய பதிவுகளில் மொன்டூனோ தழைக்கத் தொடங்குவதே அங்கேதான். கல்யாணச் சாப்பாட்டில் சாம்பார் சோறு முடிந்ததும் இலையை எடுத்துவிடுவதைப் போல இருக்கிறது.

கடைசியாக ஒரு தகவல். ஹவானாத் துறைமுகத்தில் கப்பல் கட்டப் பயன்பட்ட கடின மர முளைகளிலிருந்துதான் கிளாவேக் கட்டைகள் பிறந்தன என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் உடைந்த ஈட்டிமரக் கட்டில் ஒன்று கிடந்தது. அதன் காலை எங்கள் தெருத் தச்சரிடம் கொடுத்து, ஒரு சாண் நீளத்தில் இரண்டு உருளைகளாகக் கடைந்து வாங்கியிருக்கிறேன். ஒன்றை விரல்நுனிகளில் தளர்வாகக் கிடத்தி, உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டு மற்றொன்றால் தட்டினால் அடுத்த அறைவரை கேட்கிறது. இறுக்கிப் பிடித்தால் சத்தம் செத்துவிடுகிறது. அந்தப் பிடிக்கே எனக்கு இரண்டு நாள் ஆனது. உங்களில் யார் கூப்பிட்டாலும் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். வியாழக்கிழமை தவிர எல்லா மாலைகளும் எனக்குச் சௌகரியம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி